டி வில்லியர்ஸ் எந்த ஊர்க்காரர்?

ஐ.பி.எல். பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு ஏ.பி. டி வில்லியர்ஸையும் ஃபாஃப் டு பிளெசிஸையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒருவர் பெங்களூருக்கு ஆடினார். இன்னொருவர் மஞ்சள் சட்டையில் சேப்பாக்கத்தின் செல்லப்பிள்ளையாகவே ஆகிப்போனார். இருவரும் பிரிட்டோரியாவில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். வீட்டில் பேசுவது ஆஃப்ரிகான்ஸ், டச்சு மொழியிலிருந்து கிளைத்த மொழி. பெயர்கள் மட்டும் அசல் பிரெஞ்சு. பழைய ஸ்கோர்கார்டுகளைப் புரட்டினால் இந்தக் கூட்டம் இன்னும் பெரிதாகும்: ஹன்சி குரோனியே, ரைலி ருஸ்ஸோ, தென்னாப்பிரிக்காவில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்கு ஆடும் மார்னஸ் லபுஷேன். ஜாக் காலிஸின் குடும்பப் பெயர் பிரெஞ்சு இல்லை, ஆனால் அந்த 'ஜாக்' பிரெஞ்சுதான்.

பிரான்ஸ் ஒருநாளும் ஆளாத தேசத்தில் இத்தனை பிரெஞ்சுப் பெயர்கள் எப்படி வந்து உட்கார்ந்தன? டி வில்லியர்ஸ் என்ற ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு போனாலே பாதிக் கதை தெரிந்துவிடும். மற்ற பெயர்களைவிட இதற்கு ஆவணச் சான்றும் அதிகம்.

பிரான்சிலிருந்தே தொடங்குவோம். அங்கே இது 'தெ வில்லியே'. 'தெ' என்றால் 'இன்ன ஊரைச் சேர்ந்த'. வில்லியே என்பது லத்தீன் 'வில்லா'விலிருந்து வந்த சொல். பண்ணை வீட்டைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பை, நம் கணக்கில் ஒரு சிற்றூரை, குறிக்கும். இந்த வேரிலிருந்து வந்த வில்லியே, வில்லேர், வில்லார் என்ற ஊர்கள் பிரான்ஸ் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. பாரிஸைச் சுற்றி மட்டுமே வில்லியே-லெ-பெல், வில்லியே-சுர்-மார்ன் என்று பல. நம்மூரில் 'புதூர்' எத்தனை இருக்கிறதோ அந்தக் கதைதான். புதூர்க்காரர் என்று ஒருவரை அடையாளம் சொன்னால் எந்தப் புதூர் என்று கேட்போம் இல்லையா?

ஆக, பிரான்சில் ஒருவர் பெயர் தெ வில்லியே என்பதால் இன்னொரு தெ வில்லியேவுக்கு உறவு என்று ஆகிவிடாது. 11ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு மெல்ல மெல்லக் குடும்பப் பெயர்கள் நிலைபெற்றபோது, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பல குடும்பங்கள் தத்தம் ஊரை வைத்து இந்தப் பெயரைச் சூடிக்கொண்டன. 'தெ' ஒட்டியிருந்தால் பிரபு குடும்பம் என்பதும் தவறான நம்பிக்கை. பிரபுக்களிடமும் அது உண்டு, ஊர் பேர் தெரியாத உழவரிடமும் உண்டு.

புகழ்பெற்ற வில்லியேக்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தாலே இது விளங்கும். 1522இல் ரோட்ஸ் தீவைத் துருக்கியரிடமிருந்து காக்கப் போராடித் தோற்ற மாவீரர் சபைத் தலைவர் பிலிப் வில்லியே தெ லில்-ஆதாம் ஒரு குடும்பம். இங்கிலாந்தின் பக்கிங்ஹாம் கோமகன் ஜார்ஜ் வில்லியர்ஸ் இன்னொரு குடும்பம். நம் காலத்தில் பிரெஞ்சு அரசியல்வாதி பிலிப் தெ வில்லியே இருக்கிறார், பழுத்த கத்தோலிக்கப் பழமைவாதி. அவருடைய தம்பி ஜெனரல் பியேர் தெ வில்லியே பிரெஞ்சு ராணுவத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்து, 2017இல் அதிபர் மக்ரோனோடு பட்ஜெட் விஷயத்தில் முட்டிக்கொண்டு விலகியவர். இவர்களின் முழுக் குடும்பப் பெயர் 'லெ ஜோலி தெ வில்லியே'. சொந்த மாகாணம் வாந்தே. அதன் தெற்கு எல்லையைத் தாண்டினால் லா ரொஷேல் வட்டாரம், அதாவது தென்னாப்பிரிக்க டி வில்லியர்ஸ்கள் கிளம்பிய இடம். பெயரும் ஒன்று, இடமும் பக்கத்துப் பக்கம். ஆனாலும் தென்னாப்பிரிக்கக் குடும்பத்தோடு இவர்களை முடிச்சுப் போட எந்த ஆதாரமும் கிடையாது.

லா ரொஷேல் அட்லாண்டிக் கரைத் துறைமுகம். உப்பும் ஒயினும் அந்த வட்டாரத்தின் பிழைப்பு. 16ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பரவிய புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவத்தின் கோட்டையாகவும் அது ஆனது. இந்தப் பிரெஞ்சு புராட்டஸ்டண்ட்டுகளைத்தான் வரலாறு ஹியூகனாட்டுகள் என்கிறது. நான்காம் ஹென்றி 1598இல் நாந்த் அரசாணை மூலம் அவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தார். அவர் மகன் பதின்மூன்றாம் லூயி காலத்தில், அமைச்சர் ரிஷலியே 1627-28இல் லா ரொஷேலை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டார். சுமார் 27,000 பேர் இருந்த நகரம் சரணடைந்தபோது மிஞ்சியது ஐயாயிரம் சொச்சம். வெளியிலிருந்து உதவிக்கு வந்து, ஒன்றும் செய்ய முடியாமல் திரும்பிய ஆங்கிலேயத் தளபதி யார் தெரியுமா? மேலே சொன்ன பக்கிங்ஹாம் கோமகன் ஜார்ஜ் வில்லியர்ஸ்தான்.

பதினான்காம் லூயி வந்தபிறகு நெருக்கடி வீட்டுக்குள்ளேயே புகுந்தது. 1681இல் புவாத்து மாகாணத்தில் ஒரு தந்திரத்தைத் தொடங்கினார்கள். புராட்டஸ்டண்ட் வீடுகளில் குதிரைப்படை வீரர்களைக் கொண்டுபோய்த் தங்க வைப்பது. சாப்பாடு, தீவனம், செலவு எல்லாம் வீட்டுக்காரர் தலையில். அடிதடி, சூறையாடல், பெண்களிடம் அத்துமீறல் எதற்கும் கேள்வி கிடையாது. குடும்பம் கத்தோலிக்கத்துக்கு மாறினால் வீரர்கள் அடுத்த வீட்டுக்குப் போவார்கள். இப்படி ஊர் ஊராக 'மனம் மாறியவர்கள்' கணக்கைக் காட்டி, இனி பிரான்சில் புராட்டஸ்டண்ட்டுகளே இல்லை, அதனால் பாதுகாப்புச் சட்டமும் வேண்டாம் என்று 1685 அக்டோபரில் லூயி நாந்த் அரசாணையை ரத்து செய்தார். போதகர்கள் 15 நாளில் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். மற்றவர்கள் வெளியேறவே கூடாது. பிடிபட்ட ஆண்களுக்குக் கப்பலில் துடுப்புப் போடும் கைதி வாழ்க்கை. பிறக்கும் குழந்தைகளுக்குக் கத்தோலிக்க ஞானஸ்நானம்.

தடையையும் மீறி ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் பேர்வரை தப்பி ஓடினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலோர் போனது ஹாலந்து, இங்கிலாந்து, ஜெர்மன் சிற்றரசுகள், சுவிட்சர்லாந்துக்கு. போர்தோ பக்கத்திலிருந்து சிறுவனாக வெளியேறிய அப்பொலோஸ் ரிவ்வார் என்ற ஒருவர் பாஸ்டனில் 'ரிவியர்' ஆனார். அமெரிக்கப் புரட்சியின் நாயகன் பால் ரிவியர் அவர் மகன். இந்தப் பெருங்கூட்டத்தில் ஆப்பிரிக்காவின் தென்கோடிக்குப் போனவர்கள் 200 பேருக்குள்தான். ஆனால் வேறெங்கும் இல்லாத அளவுக்குப் பெயர் நின்றது அங்கேதான்.

அப்போது நன்னம்பிக்கை முனை, சுருக்கமாகக் கேப், டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் இடைத்தங்கல். ஆசியாவுக்குப் போகிற, வருகிற கப்பல்களுக்குக் காய்கறி, இறைச்சி, குடிநீர், கொஞ்சம் ஒயின் கிடைக்க வேண்டும் என்று 1652இல் தொடங்கிய இடம். ஊழியர்களைத் தவிர்த்துச் சுதந்திரக் குடியானவர்கள் என்று எண்ணினால் 1687இல் பெண்கள், குழந்தைகள் உட்பட 600 பேர் போல. விவசாயம் தெரிந்த ஆள் வேண்டும். ஹாலந்திலோ பிரெஞ்சு அகதிகள் குவிந்து கிடந்தார்கள். கம்பெனி ஒரு திட்டம் போட்டது: கப்பல் கட்டணம் இலவசம், நிலம் இலவசம், விதையும் கருவிகளும் கடனாக. பதிலுக்குக் கம்பெனிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும், குறைந்தது ஐந்து ஆண்டு அங்கே இருக்க வேண்டும். இரக்கம் எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று கேட்டால், கணக்குத்தான் கூடுதல் என்பேன். கம்பெனி தர்ம சத்திரம் நடத்திக்கொண்டிருக்கவில்லை.

1688இல் அடுத்தடுத்துக் கப்பல்கள் வந்தன. ஏப்ரலில் வந்த ஓஸ்டர்லான்ட் கப்பலில் புவாத்தியே நகரைச் சேர்ந்த ழான் ப்ரியூர் டு பிளெசி என்ற அறுவை மருத்துவர் மனைவியோடு வந்து இறங்கினார். டு பிளெசிஸ் என்ற பெயர் தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைந்தது அவரோடுதான்.

டி வில்லியர்ஸ் வந்தது அடுத்த ஆண்டு. 1688 டிசம்பரில் கம்பெனியின் டெல்ஃப்ட் கிளை, கேப்பில் இருந்த தளபதி சைமன் வான் டெர் ஸ்டெல்லுக்கு ஒரு கடிதம் எழுதியது. பியேர், ஆப்ரஹாம், ஜாக் டி வில்லியர்ஸ் என்ற மூன்று பேரை அனுப்புகிறோம், மூவரும் உடன்பிறந்தவர்கள், லா ரொஷேல் பக்கம் பிறந்தவர்கள், திராட்சைத் தோட்டம் போடுவதிலும் பராமரிப்பதிலும் நல்ல அனுபவம் உள்ளவர்கள் என்று கேள்விப்படுகிறோம், அவர்களுக்குக் கைகொடுங்கள் என்பது கடிதத்தின் சாரம். அகதிகளில் பலருக்குக் கப்பல் பட்டியலில் ஒரு பெயர் வரி கிடைத்தாலே பெரிது. இவர்களுக்குச் சிபாரிசுக் கடிதமே இருக்கிறது. குடும்ப வரலாறு எழுதுகிறவர்களுக்கு இது லாட்டரிப் பரிசு. சியோன் என்ற கப்பலில் 1689 மே 6 அன்று மூவரும் கேப் வந்து சேர்ந்தார்கள்.

கேப் டவுனிலிருந்து கிழக்கே, மூன்று பக்கம் மலை சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு. யானைகள் நடமாடியதால் டச்சுக்காரர்கள் அதை 'யானை மூலை' என்றார்கள். பிரெஞ்சு அகதிகள் குடியேறிய பிறகு அதுவே 'பிரெஞ்சு மூலை', ஃப்ரான்ஷ்ஹுக் ஆனது. அங்கே பியேரின் பண்ணைக்கு 'பூர்கோன்யே', ஆப்ரஹாமின் பண்ணைக்கு 'ஷாம்பேன்', ஜாக்கின் பண்ணைக்கு 'லா ப்ரீ' என்று பெயர். மூன்றுமே லா ரொஷேலிலிருந்து வெகுதூரத்தில், பிரான்சின் கிழக்குப் பக்கம் உள்ள பகுதிகள். அதனால் குடும்பம் முதலில் பூர்கோன்யேவிலிருந்து லா ரொஷேலுக்கு இடம்பெயர்ந்திருக்கும் என்று ஒரு பரம்பரைப் பேச்சு உண்டு. இருக்கலாம். ஆனால் பண்ணைப் பெயரை வைத்துப் பூர்விகம் சொல்வது, கடையின் பெயர்ப் பலகையைப் பார்த்து முதலாளியின் ஊரைச் சொல்வது மாதிரி. பியேர் மணந்தது ஷாத்தோ-தியெரியைச் சேர்ந்த இசாக் தைஃபேர் மகளை. அது ஷாம்பேன் வட்டாரம், ப்ரீயும் பக்கத்தில்தான். மாமனார் ஊர் நினைவிலும் இந்தப் பெயர்கள் வந்திருக்கலாம் அல்லவா?

வந்து ஆறு மாதம்தான் ஆகியிருக்கும். 1689 நவம்பரில், போதகர் பியேர் சிமோன் தலைமையில் ஐந்து பேர் கொண்ட குழு வான் டெர் ஸ்டெல் முன்னால் போய் நின்றது. அதில் ஆப்ரஹாம் டி வில்லியர்ஸும் ஒருவர். எங்களுக்கென்று தனித் திருச்சபை வேண்டும் என்பது கோரிக்கை. வான் டெர் ஸ்டெல் கொதித்துப் போனார். இன்று தனிச் சபை கேட்பவர்கள் நாளை தனி நீதிபதி, தனி அரசன் என்று கேட்க மாட்டார்களா என்ற பயம் அவருக்கு. எடுத்த பிரமாணத்தை நினைவில் வையுங்கள் என்று திட்டி அனுப்பினார். ஹாலந்திலிருந்த மேலிடம் கொஞ்சம் இறங்கி வந்து சபையை அனுமதித்தது. ஆனால் ஒரு நிபந்தனை: பிள்ளைகளுக்கு டச்சு சொல்லிக்கொடுக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இடத்தில் திரளாமல் இருக்க அவர்கள் நிலங்களுக்கு நடுநடுவே டச்சுக் குடியானவர்களுக்கும் நிலம் கொடுத்தார்கள். 1701இல் பள்ளியில் டச்சு மட்டுமே என்று கம்பெனி உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு சிமோன் ஊரை விட்டே போய்விட்டார். பிரெஞ்சில் பிரசங்கம் செய்ய ஆள் இல்லாமல் போனால் ஒரு புராட்டஸ்டண்ட் சமூகத்தில் மொழிக்கு வேறு என்ன புகலிடம்?

விண்மீன்களை அளக்க 1751இல் கேப்புக்கு வந்து இரண்டு ஆண்டு தங்கிய பிரெஞ்சு வானியலாளர் லகாய், அகதிகளின் வாரிசுகளைத் தேடிப் பேசிப் பார்த்தார். 40 வயதுக்குக் கீழே ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியவில்லை என்று எழுதி வைத்தார். அறுபதே ஆண்டில் ஒரு மொழி காலி. மதத்துக்காக வீடு வாசலை விட்டு ஓடிவந்தவர்கள், மொழியைப் பெரிய எதிர்ப்பில்லாமல் விட்டுவிட்டார்கள். அவர்கள் ஓடியது பிரெஞ்சு பேசியதற்காக இல்லையே.

மொழி போன பிறகு பெயர்களை டச்சு எழுத்தர்கள் தம் காதுக்கு எட்டியபடி எழுதினார்கள். வில்லியோன் 'ஃபில்யூன்' ஆனது. க்ரோனியே, எழுத்துகள் மாறி, இன்றைய குரோனியே ஆனது. ரூஸோ 'ருஸ்ஸோ' ஆனது. பினார் 'பீனார்' ஆனது. டி வில்லியர்ஸ் எழுத்தில் பிழைத்துக்கொண்டது. உச்சரிப்பிலும் ஆஃப்ரிகான்ஸ்காரர்கள் கடைசி 'ர்ஸ்'ஸை விழுங்கி, பிரெஞ்சுச் சாயலிலேயே சொல்கிறார்கள். அந்த 'ர்ஸ்'ஸைச் சத்தமாகச் சொல்வது ஆங்கில வர்ணனையாளர்களும் அவர்கள் வழியே நாமும்தான்.

இனித்தான் முக்கியமான விஷயம். பிரான்சில் எந்தப் புதூர் என்று கேட்க வேண்டிய பெயர், கேப்பில் ஒரே வீட்டின் அடையாளம் ஆகிவிட்டது. அங்கே வேறு வில்லியே கிடையாது, வந்தது மூன்று உடன்பிறப்புகள் மட்டும். சிறிய சமூகம், நிலம் ஏராளம், சிறுவயதுத் திருமணம், வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். ஆப்ரஹாமும் ஜாக்கும் மணந்தது கார்டியோல் குடும்பத்து அக்கா தங்கையை. அடுத்தடுத்த தலைமுறைகளில் அகதிக் குடும்பங்களுக்குள்ளேயும் டச்சு, ஜெர்மன் குடும்பங்களோடும் சம்பந்தம் கலந்தது. இப்படியே முந்நூறு ஆண்டு ஓடினால், ஒரு தென்னாப்பிரிக்க டி வில்லியர்ஸைப் பார்த்து இன்னொரு டி வில்லியர்ஸ் 'நாம் உறவா?' என்று கேட்பது வெறும் உபசாரப் பேச்சாக இருக்காது. எத்தனையாவது தலைமுறையில் பிரிந்தோம் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஒரு முறையை உருவாக்கியவரும் ஒரு டி வில்லியர்ஸ்தான். கிறிஸ்டோஃபல் குட்சியே டி வில்லியர்ஸ் 19ஆம் நூற்றாண்டில் தேவாலயப் பதிவேடுகளைத் தோண்டிப் பழைய கேப் குடும்பங்களின் வம்சாவளியைத் தொகுத்தார். முடிப்பதற்குள் இறந்துவிட்டார். வரலாற்றாசிரியர் தியேல் முடித்துக்கொடுக்க, 1893-94இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. பின்னாளில் கோர் பாமா என்பவர் அதைத் திருத்தி விரிவாக்கினார். இன்றும் தென்னாப்பிரிக்காவில் வம்சாவளி எழுதுகிறவர்கள் பரவலாகப் பயன்படுத்துவது 'டி வில்லியர்ஸ்-பாமா' எண் முறையைத்தான். குடும்பத்தில் முதலில் வந்து இறங்கியவர் 'ஏ'. அவர் பிள்ளைகள் 'பி1, பி2, பி3'. பேரப்பிள்ளைகள் 'சி'. ஒருவருக்கு 'பி3 சி2 டி5' என்று குறி இருந்தால், வந்தேறியின் மூன்றாவது பிள்ளையின் இரண்டாவது பிள்ளைக்கு ஐந்தாவதாகப் பிறந்தவர் என்று படித்துக்கொள்ளலாம்.

இப்படி எண் தேவைப்படக் காரணம், ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதுதான். தலைமகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர் என்பது ஆஃப்ரிகான்ஸ் பேசும் வெள்ளையர்களான ஆஃப்ரிகானர்களின் வழக்கம். நமக்கு இது விளக்கமே வேண்டாத விஷயம். அதனால் ஒரே காலத்தில், ஒரே மாவட்டத்தில் நாலைந்து ஆப்ரஹாம் டி வில்லியர்ஸ்கள் இருப்பார்கள். ஏ.பி.யின் 'ஏ' ஆப்ரஹாம், 'பி' பெஞ்சமின். அப்பா பெயரும் அதேதான். ஆனால் 1689இல் வந்த ஆப்ரஹாமின் நேர் வாரிசு என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. பதிவேட்டை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

திராட்சைத் தோட்டம் வைத்தார்கள், உழைத்தார்கள், முன்னேறினார்கள் என்று ஒயின் பாட்டில் லேபிள்களில் போடுகிற கதையோடு நிறுத்தினால் அது பாதிக் கதை. தோட்டத்தில் குனிந்தவர்கள் பெரும்பாலும் அடிமைகள். மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், இந்தியா, இலங்கை என்று இந்தியப் பெருங்கடல் முழுவதிலிருந்தும் கேப்புக்கு அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1808 வரை வந்தவர்கள் ஏறக்குறைய 63,000 பேர் என்றும், அதில் நாலில் ஒரு பங்கு இந்தியத் துணைக்கண்டத்தவர் என்றும் மதிப்பிடுகிறார்கள். பழவேற்காடும் நாகப்பட்டினமும் அதே டச்சுக் கம்பெனியின் கையில் இருந்த காலம் அது. அடிமைக்கு முதலாளியோ எழுத்தரோ ஒரு புதுப் பெயர் வைத்து, பிடித்து வந்த இடத்தை வாலாக ஒட்டுவார்கள்: வான் பெங்காலன், வான் மலபார், வான் கொரமண்டல், வான் சிலோன். கவனியுங்கள், 'வான் கொரமண்டல்' அமைப்பில் 'டி வில்லியர்ஸ்' மாதிரியேதான் இருக்கிறது. இன்ன ஊர்க்காரர் என்பதே இரண்டுக்கும் அடிப்படை. ஒன்றுக்கு எண் போட்ட வம்சாவளி மூன்று தொகுதிகளில் இருக்கிறது. இன்னொன்று பெரும்பாலும் அந்த ஆளோடு முடிந்துபோனது. அவர்கள் பிள்ளைகள் 'வான் டி காப்', கேப்பில் பிறந்தவர்கள் என்றே பதிவானார்கள். சோழமண்டலக் கரையில் அம்மா அப்பா வைத்த பெயர் எதுவோ, அது எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

1834 டிசம்பரில் பிரிட்டிஷ் ஆட்சியில் அடிமை முறை ஒழிந்தது. இழப்பீடு கிடைத்தது முதலாளிகளுக்கு. விடுதலையானவர்களின் வாரிசுகளிலும் பண்ணைக் குடும்பங்களோடு கலந்த வழிகளிலும் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்கள் தொடர்ந்தன. அதனால் டி வில்லியர்ஸ் என்ற பெயர் வெள்ளையருக்கு மட்டும் உரியது இல்லை. 2008இல் தென்னாப்பிரிக்க ரக்பி அணிக்கு வெள்ளையர் அல்லாத முதல் பயிற்சியாளராக வந்தவர் பீட்டர் டி வில்லியர்ஸ். அவர் பிறந்த ஊர் பார்ல், ஃப்ரான்ஷ்ஹுக்குக்கு அடுத்த ஊர்.

குடும்பத்தின் செழிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் பாஷென்டால் பண்ணைக்குப் போகலாம். ஆப்ரஹாம் 1715இல் வாங்கி, இரண்டு ஆண்டில் தம்பி ஜாக்கிடம் விற்றார். ஜாக்கின் வழியினர் 1879 வரை வைத்திருந்தார்கள். 1812இல் பால் டி வில்லியர்ஸ் கட்டிய வெள்ளை மாளிகை, வளைந்த முகப்புச் சுவரோடு இன்றும் சுற்றுலாப் பயணிகளின் கேமராவுக்கு நிற்கிறது. பண்ணை கைமாறிய சில ஆண்டுகளிலேயே, 1880களின் நடுவில், பிலாக்ஸிரா பூச்சி வந்து கேப்பின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. நொடித்துப்போன பண்ணைகளை 1890களில் வாங்கிப் பழத்தோட்டம் ஆக்கியவர் வைரச் சுரங்க அதிபர் சீசில் ரோட்ஸ்.

அதற்குள் குடும்பம் நாடெங்கும் பரவியிருந்தது. 1840களில் கேப்பில் வில்லியர்ஸ்டார்ப் என்ற சிற்றூர் உருவானது, பீட்டர் டி வில்லியர்ஸ் என்ற வேறொருவர் பெயரில். 1882இல் வால் ஆற்றங்கரையில் வில்லியர்ஸ் என்று இன்னொரு ஊர். பிரான்சில் ஊர்ப் பெயர் ஆளுக்குப் போனது, ஆப்பிரிக்காவில் ஆள் பெயர் திரும்ப ஊருக்கு வந்தது. பார்லில் பிறந்த ஜான் ஹென்றி டி வில்லியர்ஸ் கேப் காலனியின் தலைமை நீதிபதியாகி, தென்னாப்பிரிக்க ஒன்றியத்தை உருவாக்கிய 1908-09 மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1921இல் 'டி ஸ்டெம்' பாட்டுக்கு இசை அமைத்த போதகர் எம்.எல். டி வில்லியர்ஸ் இன்னொருவர். இன வேற்றுமை ஆட்சிக் காலத்தில் அது தேசிய கீதம். இப்போதைய கீதத்திலும் அதன் ஒரு பகுதி இருக்கிறது.

அரசியலும் இந்தப் பெயர்களை விட்டுவைக்கவில்லை. ஃப்ரான்ஷ்ஹுக்கில் ஹியூகனாட் நினைவுச் சின்னத்தை 1948 ஏப்ரலில் திறந்தார்கள். மூன்று வளைவுகள், முன்னால் ஒரு பெண் சிலை, ஒரு கையில் பைபிள், மறு கையில் அறுந்த சங்கிலி. அடுத்த மாதம் தேர்தல். இன ஒதுக்கலைக் கொள்கையாக வைத்த தேசியக் கட்சி வென்று, டி.எஃப். மலான் பிரதமரானார். மலான் என்பதும் ஹியூகனாட் பெயர்தான். கொடுமைக்குத் தப்பி வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள் என்ற பெருமிதம், பிறருக்குச் செய்யும் கொடுமையைப் பார்க்க விடாமல் கண்ணை மறைத்தது. அடிமைகளின் உழைப்பில் விளைந்த பள்ளத்தாக்கில், அறுந்த சங்கிலியோடு சிலை வைத்தவர்களுக்கு உறுத்தவில்லை போலிருக்கிறது.

பிரான்சோ இவர்களை ஒரு கட்டத்தில் திரும்ப அழைத்தது. புரட்சி அரசு 1790 டிசம்பரில் ஒரு சட்டம் போட்டது. மதத்துக்காக நாட்டைவிட்டுப் போன பிரெஞ்சுக்காரர்களின் வாரிசுகள், எத்தனை தலைமுறை கடந்திருந்தாலும், திரும்பி வந்து பிரமாணம் எடுத்தால் பிரெஞ்சுக் குடிமக்கள். 1945 வரை அந்தக் கதவு திறந்திருந்தது. கேப்பிலிருந்து கூட்டமாக யாரும் போகவில்லை. மொழி தெரியாத ஊருக்குப் போய் என்ன செய்வது? ரக்பி வழியாக ஒருவர் போனார். கேப்பின் மால்ம்ஸ்பரியில் பிறந்த பீட்டர் டி வில்லியர்ஸ், பயிற்சியாளரின் பெயரேதான், ஆனால் வேறு ஆள், 1999 முதல் 2007 வரை பிரான்ஸ் தேசிய அணியின் முன்வரிசையில் ஆடினார். பிரெஞ்சு ரசிகர்கள் அவர் பெயரைச் சொல்லத் திணற வேண்டியிருக்கவில்லை.

1990களிலிருந்து தென்னாப்பிரிக்க வெள்ளையர்கள் இங்கிலாந்து, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா என்று கிளம்பிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெயர்களும் இன்னொரு சுற்று கப்பலேறுகின்றன, இப்போது விமானத்தில். பத்து வயதில் பிரிஸ்பேனுக்குப் போன லபுஷேனின் பெயரை ஆஃப்ரிகான்ஸில் 'லபுஸ்காக்னி' போலச் சொல்வார்கள், தொண்டையிலிருந்து வரும் ஒலி அது. ஆஸ்திரேலிய நாக்கு மறுத்துவிட, 'லபுஷேன்' நிலைத்துவிட்டது. டி வில்லியர்ஸுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பெர்த்தில் ஒரு வீட்டு வாசலில் அந்தப் பெயரைப் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர் பிரான்சை நினைப்பதில்லை, தென்னாப்பிரிக்காக்காரர் குடிவந்திருக்கிறார் என்றுதான் நினைத்துக்கொள்கிறார்.